ஆளில்லாத வீட்டில் குடியிருந்தவள்

அந்த வீட்டில் யாரும் குடியில்லை என்று அரசாங்கம் அனுப்பிய நோட்டீஸை, அந்த வீட்டு வாசலில் நின்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டவள் அந்த வீட்டுக்காரிதான். செவ்வாய்க்கிழமை, காலை மணி பத்து இருபது.

வேறு எந்தச் செவ்வாய்க்கிழமையாக இருந்தாலும் அந்த நேரத்தில் அவள் வீட்டில் இருந்திருக்க மாட்டாள். மின்சார ஆபீஸில் மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலை அவளுக்கு. காலை எட்டரைக்குக் கிளம்பினால் மூன்று தெருக்கள், எண்ணூற்று நாற்பது மீட்டர்கள் என்று நடை தொடங்கிவிடும். ஊரில் அவளுக்கு ரீடிங்கம்மா என்றுதான் பெயர். அன்றைக்கு வீட்டில் இருந்ததற்குக் காரணம், முந்தின வாரம் மர டிப்போ நாய் அவள் இடது கெண்டைக்காலைக் கவ்வியிருந்ததுதான். முப்பத்தோரு வருட வேலையில் அது ஏழாவது நாய். மூன்றாவது ஊசி போட்டுக்கொண்டு, காலைத் தூக்கி ஸ்டூலின்மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நோட்டீஸ்காரர் வெயிலில் வதங்கிப்போய் வந்து நின்றார். தோளில் பை, கையில் ஒரு தடித்த ரெஜிஸ்டர்.

"அம்மா, வீட்டுக்காரங்க இருக்காங்களா?"

"நான்தான் வீட்டுக்காரி. என்ன விஷயம்?"

"நில எடுப்பு ஆபீஸ்ல இருந்து வரேன். இங்க ஒரு கையெழுத்து போடுங்க. தேதி, நேரம் ரெண்டும் வேணும்."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 10.20 என்று எழுதினாள். வேறு யாராக இருந்தாலும் பத்தேகால் என்றோ பத்தரை என்றோ தோராயமாகப் போட்டிருப்பார்கள். அவளுக்குத் தோராயம் என்றாலே ஆகாது. பிறகு ஒற்றைக் காலில் நின்றபடியே நோட்டீஸை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள்.

"தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

"நமக்கெதுக்கும்மா? குடுக்கறதோட நம்ம வேலை முடிஞ்சுது."

"'மேற்படி வீட்டில் எவரும் குடியிருக்கவில்லை என்பது ஆவணங்களால் உறுதியாகிறது'ன்னு எழுதியிருக்கு."

"சரிங்க."

"என்ன சரி? அப்ப இவ்வளவு நேரம் நீங்க யார்கிட்ட பேசிட்டு இருக்கீங்க?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார். அடுப்படியில் குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது. கொடியில் கண்டக்டர் யூனிஃபார்ம் ஒன்று ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் வெறும் தபால்காரன் மாதிரிம்மா. என்மேல கோவிச்சுக்காதீங்க. பின்தெருக்கள்ல பதினோரு வீடு, எல்லாம் பூட்டு. கதவுல ஒட்டிட்டு வந்தேன். பசை டப்பாவே காலி. நல்லவேளை, கடைசி வீட்டுல நீங்க இருந்தீங்க."

"தண்ணி வேணுமா? ஆளில்லாத வீட்டுத் தண்ணி. பயமில்லைன்னா குடிங்க."

அவர் பயப்படவில்லை. இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பிய பிறகு அவள் நோட்டீஸை மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள்.

*

அது பெரிய வீடொன்றும் இல்லை. இரண்டு அறை, ஒரு அடுப்படி, பின்னால் துணி துவைக்கிற கல் போட்ட நாலடி இடம். மூன்று தவணையாகக் கட்டிய வீடு. முதலில் ஒரு அறையும் தகரக் கூரையும். பிள்ளை பிறந்த வருடம் அடுப்படி. அவள் வேலை நிரந்தரமானதும் இரண்டாவது அறை. புருஷன் பஸ் கண்டக்டர். விடியற்காலை ஐந்தேகாலுக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். ஒரே மகள், கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். பகலில் அந்த வீடு பூட்டித்தான் கிடக்கும். இரண்டு பேரும் சம்பாதிக்கிற வீடு பகலில் பூட்டிக் கிடக்காமல் திறந்தா கிடக்கும்?

நோட்டீஸோடு ஒரு வரைபடம் இணைத்திருந்தார்கள். வெகு தூரத்தில் ஒரு தனியார் கம்பெனி சூரிய மின்சாரப் பண்ணை போட்டிருந்தது. அங்கே விளைகிற மின்சாரத்தை, இன்னும் வெகு தூரத்தில் இருக்கும் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோக உயர் அழுத்தக் கம்பிப் பாதை. நடுவில் கிடந்தது இந்த ஊர். அந்தக் கம்பியிலிருந்து இந்தத் தெருவுக்கு ஒரு யூனிட்கூட இறங்காது. கோபுரத்தின் ஒரு கால் மட்டும் அவள் அடுப்பு மேடையில் இறங்கும்.

மூன்று வருடத்துக்கு முன் இந்தப் பேச்சு முதலில் கிளம்பியபோது ஊரே திரண்டு எதிர்த்தது. இந்த ஊர் மட்டுமல்ல, கம்பி போகிற வழியெல்லாம் எதிர்ப்பு. கடைசியில் மாநிலச் சட்டசபை ஒரு சட்டம் கொண்டுவந்தது. எரிசக்தித் திட்டம் என்று சொல்லி யார் நிலத்தையும் நினைத்தபடி பிடுங்கிவிட முடியாது. அதற்கு இன்னின்ன வரம்பு. அதன் நான்காம் பிரிவு இது: 'குடியிருக்கும் வீட்டை, உரிமையாளரின் சம்மதம் இல்லாமல், தனியார் மின்பாதைக்காக எடுக்கக் கூடாது.' அன்றைக்குத் தெருவே கைதட்டியது. அவளும் தட்டினாள். தட்டிவிட்டுப் பத்திரிகையைப் பார்த்து அந்தப் பிரிவைத் தன் நோட்டில் எழுதியும் வைத்துக்கொண்டாள்.

சட்டம் வந்த எட்டாவது மாதம், யாரும் கைதட்டாத ஒரு நாளில், அதற்கு விதிகள் வந்தன. விதிகளை எந்தப் பத்திரிகையும் போடவில்லை. பதினோராம் விதி, 'குடியிருக்கும் வீடு' என்றால் என்ன என்று விளக்கியது. முந்தின இருபத்து நான்கு மாதங்களில் ஆறு மாதமாவது மின்மீட்டர் அளவு நேரில் பார்த்துப் பதிவான வீடுதான் குடியிருக்கும் வீடு. மற்றதெல்லாம் காலி. கதவு போட்டு மறித்த வீட்டுக்கு ஜன்னல் வழியாக வந்த கதைதான்.

சாயங்காலம் புருஷன் வந்து நோட்டீஸைப் படித்துவிட்டுச் சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

"முப்பது வருஷமா இங்க இருக்கேன். எனக்கே தெரியாம போச்சே, நான் இங்க இல்லைன்னு."

"சிரிக்கிற விஷயமாங்க இது?"

"சிரிக்கலம்மா. ஓடற பஸ்ல ஒருத்தன் உட்காந்திருக்கான், கையில டிக்கெட்டும் இருக்கு. அவன்கிட்ட போய், 'இந்த சீட்டு காலி, எந்திரி'ன்னு சொன்னா எப்படி இருக்கும்? அப்படி இருக்கு எனக்கு."

*

மறுநாள் நொண்டிக்கொண்டே அவள் ஆபீஸுக்குப் போனாள். அவள் வீடிருக்கும் தெரு, பென்சில் என்கிற ஊழியரின் பொறுப்பு. தன் வீட்டு மீட்டரைத் தானே படிக்கக் கூடாது என்பது ஆபீஸ் விதி. அதனால் ஊழியர் யாருக்கும் சொந்தத் தெருவைக் கொடுக்க மாட்டார்கள். பென்சில் என்பது அவருடைய பட்டப்பெயர். ரீடிங்கைப் பதிவதற்கு மெஷின் வந்து ஒன்பது வருடமாகியும் காதில் பென்சில் செருகுவதை அவர் விடவில்லை.

"என் வீட்டு ரெண்டு வருஷப் பதிவை எடுங்கண்ணே."

அவர் எடுத்தார். இருபத்து நான்கு வரிகள். இருபத்து நான்கிலும் ஒரே எழுத்து: க.பூ. கதவு பூட்டு. பக்கத்தில் 'சராசரி' என்று ஒரு எண்.

"நான் பத்தரைக்கு வரேன், நீங்க ஒன்பதுக்கே ரவுண்டு போயிடறீங்க. பூட்டியிருந்தா பூட்டுன்னுதானே போடணும்? எத்தனை தடவை கேட்டேன், 'அக்கா, நம்பரை நீங்களே பாத்து சொல்லிடுங்க, போட்டுக்கறேன்'னு? நீங்கதான் அரிச்சந்திரனுக்குத் தங்கச்சி மாதிரி, 'ஊழியர் தன் மீட்டர் அளவைத் தன் வாயால சொல்லக் கூடாது, விதி'ன்னீங்க. இப்ப பாருங்க."

அவர் சொன்னது பொய்யில்லை. ஆபீஸில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். காலையில் டீக்கடையில் நின்றபடி ஒருவருக்கொருவர் வீட்டு எண்ணைச் சொல்லிக்கொள்வார்கள். மெஷினில் அது நேரில் பார்த்ததாக ஏறும். அதனால் அவர்கள் எல்லாருமே காகிதத்தில் வீட்டில் குடியிருந்தார்கள். விதியை மதித்தவள் ஒருத்திதான். அவள் வீடுதான் காலி.

"அந்தப் பதினோரு வீடு எதெதுன்னு தெரியுமாண்ணே? பின்தெருவுல ஒட்டினதா சொன்னாங்க."

பென்சில் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"பின்தெரு மூணும் உங்க ரவுண்டுதானேக்கா."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அங்கே கதவு பூட்டு என்று எழுதியது அவள் கை.

பட்டியலை வாங்கிப் பார்த்தாள். பதினோரு எண்களும் அவளுக்குப் பாடம். ஆறு வீடு உண்மையிலேயே காலி. வெளிநாடு போனவர்கள், வழக்கில் கிடப்பது, வாங்கிப் பூட்டி வைத்தது. மிச்சம் ஐந்தும் நூல் மில்லுக்கு வேலைக்குப் போகிறவர்கள் வீடு. காலை ஏழு மணி ஷிப்ட். புருஷன், பெண்டாட்டி, வயசுக்கு வந்த பிள்ளை, சில வீட்டில் மாமனார் என்று அத்தனை பேரும் கிளம்பிவிடுவார்கள். பதினோரு மணிக்கு ரீடிங்கம்மா போனால் திண்டுக்கல் பூட்டு ஒன்று தொங்கும். அவள் க.பூ. என்று பதிவாள். ஒவ்வொரு பதிவும் சத்தியம். அத்தனை சத்தியத்தையும் வரிசையாக அடுக்கி, கூட்டிப் பெருக்கி, எவனோ ஒரு முழுப் பொய்யைச் செய்து வைத்திருந்தான்.

வரைபடத்தை மறுபடி விரித்தாள். நேற்று பதற்றத்தில் கவனிக்காத ஒன்று இப்போது தெரிந்தது. ஊர் எல்லை வரை ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி வந்த கோடு, ஊருக்குள் நுழைந்ததும் குடிகாரன் நடை நடந்தது. இங்கே வளைந்து, அங்கே ஒடிந்து, பன்னிரண்டு வீடுகளைத் தேடித் தேடித் தொட்டுப் போயிற்று. ஊருக்கு வெளியே தரிசு நிலம் ஒன்றரை மைல் நீளத்துக்குச் சும்மா கிடந்தது. அந்த வழி சுற்று. கோபுரம் அதிகம் வேண்டும். பாதையைப் போட்டுவிட்டு வீடுகளைப் பார்க்கவில்லை அவர்கள். க.பூ. பட்டியலை முதலில் வாங்கி, அதற்கு மேல் பாதையைப் போட்டிருந்தார்கள்.

"என் எழுத்தைப் பிடிச்சுக்கிட்டே என் அடுப்படி வரைக்கும் வந்துட்டானுங்கண்ணே" என்றாள். அவ்வளவு கோபமாக அவள் பேசி பென்சில் கேட்டதில்லை.

*

அன்று மாலை பின்தெருவுக்குப் போனாள். பதினான்காம் எண் வீட்டில் மில்காரி கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க, ரீடிங்கம்மா. உங்க எழுத்துதானாமே இது? மில்லுல எல்லாரும் சொல்றாங்க."

"பூட்டியிருந்துதுன்னு எழுதினேன்டீ. ஆளில்லைன்னு எழுதல."

"எழுதினவங்களுக்கு வேணா வித்தியாசம் தெரியும். இடிக்கிறவனுக்குத் தெரியுமா?"

மில்காரி சுரண்டுவதை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். காலில் கட்டைப் பார்த்ததும் குரல் இறங்கிற்று.

"உள்ள வந்து உட்காருங்கக்கா. மாசத்துக்கு ஒரு தடவை சாயங்காலம் வந்து இதே கட்டில்ல உட்காந்து நம்பர் எழுதிட்டுப் போவீங்களே. அந்த நம்பரெல்லாம் எங்க போச்சு?"

அந்தக் கேள்விதான் அவளை எழுப்பிவிட்டது.

ஆபீஸ் மெஷின் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தானாக அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு எதையும் பதிய முடியாது. ஆனால் பூட்டிய வீட்டுக்கு மாதாமாதம் கண்ணை மூடிக்கொண்டு சராசரி போடுவது அவளுக்குப் பொறுக்காது. வேலை முடிந்து திரும்பும் வழியில் மில்காரர்கள் வீட்டில் ஏறுவாள். மீட்டரைப் பார்ப்பாள். எண்ணைச் சொந்த நோட்டில் குறிப்பாள். அடுத்த மாதச் சராசரியை அதை வைத்துத் திருத்துவாள். ஒரு தடவை ஒருத்தர் 'யாரும் வரவேயில்லை' என்று புகார் எழுதியதிலிருந்து, கதவைத் திறந்தது யார் என்பதையும் சேர்த்து எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆபீஸ் கேட்காத வேலை, ஆபீஸ் அறியாத நோட்டு. அலமாரியில் வருடத்துக்கு ஒன்றாக ஒன்பது கிடந்தது.

கடைசி இரண்டு வருட நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, புருஷனும் அவளும் உட்கார்ந்து ஐந்து வீட்டுக்கும் தனித்தனித் தாளில் எடுத்தெழுதினார்கள். அவள் படிக்க, அவர் எழுதினார்.

"பதினாலாம் எண். மாலை ஆறு முப்பத்தஞ்சு. இருபதாயிரத்து நானூத்திப் பதினேழு. திறந்தவர், மூத்த மகள். கையில் சோப்பு நுரை."

"நுரையையும் எழுதணுமா?"

"எழுதியிருக்கே. எழுதுங்க."

"இருபத்திரண்டாம் எண். திறந்தவர், மாமனார். சட்டை போட்டுட்டு வரேன்னு சொல்லி நாலு நிமிஷம்... ஏம்மா, போலீஸ்ல சேர வேண்டியவ நீ."

ஐந்து வீடும் முடிந்தது. அவர் ஆறாவது தாளை எடுத்து, மேலே தங்கள் வீட்டு எண்ணை எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"ம், சொல்லு."

அவள் நோட்டை மூடினாள். "நம்ம வீடு இதுல இல்லைங்க."

"ஒரு நாள் கூடவா எழுதல?"

"என் மீட்டரை நான் படிக்கக் கூடாதே."

அவர் அந்தத் தாளைக் கிழித்துப் போடாமல், நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

*

நோட்டீஸில் குறித்திருந்த விசாரணை அடுத்த வியாழக்கிழமை, பதினோரு மணிக்கு. நில எடுப்பு ஆபீஸின் மாடி அறையில் நீள மேஜை, இரண்டு ஃபேன், அதில் ஒன்று சுற்றாது. மேஜையின் தலைமாட்டில் அதிகாரி. மூக்கின் நுனியில் கண்ணாடி. வலது பக்கம் கம்பெனி வக்கீல், லேப்டாப்போடு. பின்னால் பெஞ்சில் மில்காரர்கள், ஒரு ஷிப்ட் கூலியை இழந்து வந்தவர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் சோடாக் கடைக்காரர். காலி வீடு ஆறில் ஒன்று அவருடையது. வாசலிலேயே அவளை மடக்கி, "என் வீட்டையும் உங்க நோட்டுல ஒரு வரி சேத்துடுங்கக்கா. யாருக்குத் தெரியப்போகுது?" என்று கேட்டிருந்தார். அவள் கையைக் கூப்பிவிட்டு மாடி ஏறிவிட்டாள்.

வக்கீல் ஆரம்பித்தார். "சார், விஷயம் ரொம்ப சிம்பிள். மின்சார ஆபீஸோட சொந்தப் பதிவு. இதுல பதினோரு வீட்டுக்குப் பதிவு செஞ்சதே இந்த அம்மாதான். அவங்க எழுதினதை அவங்களே மறுக்க முடியாது."

"நான் மறுக்க வரல" என்றாள் அவள். "பூட்டியிருந்துது. எழுதினேன். அது நிஜம். ஆனா வேலைக்குப் போனா கதவைப் பூட்டிட்டுத்தான் சார் போவாங்க. வேலைக்குப் போறது குத்தமா? வீட்டுல சும்மா உட்காந்திருக்கிறவன் வீடுதான் வீடா? உழைக்கிறவன் வீடு காலி மனையா?"

"அம்மா, உணர்ச்சிவசப்படாதீங்க" என்றார் அதிகாரி. "விதி எண்ணைத்தான் கேக்குது."

"எண்ணுதானே? தரேன்."

இரண்டு நோட்டுகளையும் ஐந்து தாள்களையும் மேஜைமேல் வைத்தாள். வக்கீல் ஒரு பக்கத்தைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"இதை நேத்து உட்காந்துகூட எழுதியிருக்கலாமே, மேடம்?"

"எழுதியிருக்கலாம். ஆனா மீட்டர் என் நோட்டைப் பாத்தா ஓடுது? சுவத்துல அதுபாட்டுக்கு ஏறிக்கிட்டே போகும், எறங்காது. என் நோட்டுல உள்ள எண்ணை எடுங்க. அதுக்கு அடுத்த மாசம் ஆபீஸ் மெஷின்ல நான் திருத்தின சராசரியை எடுங்க. ரெண்டும் ஒத்துப்போகும். மெஷின்ல ஏறினதை நேத்து உட்காந்து நான் மாத்த முடியுமா?"

அதிகாரி கண்ணாடியை மேலே தள்ளினார். மூன்று இடங்களை அவராகவே தேர்ந்தெடுத்து ஒத்துப் பார்த்தார். மூன்றும் யூனிட் சுத்தமாகப் பொருந்தின. நாலாவதையும் பார்த்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

வக்கீல் விடவில்லை. "அப்படின்னா பதினோரு வீட்டுலயும் ஆள் இருக்காங்கன்னு சொல்லப்போறீங்க, அவ்வளவுதானே?"

"இல்ல. ஆறு வீடு காலி. ஒன்பதாம் எண்ணுல மூணு வருஷமா ஓணான்தான் குடியிருக்கு."

பின்னால் சிரிப்பு எழுந்தது. சோடாக் கடைக்காரர் சிரிக்கவில்லை. அதிகாரி முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார். காலி வீட்டைக் காலி என்று சொல்கிறவள் மற்றதை இட்டுக்கட்டியிருக்க மாட்டாள் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

"சரி. அஞ்சு வீடு குறிச்சுக்கிட்டேன். உங்க வீடு?"

புருஷன் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது.

"என் வீட்டு எண்ணு நோட்டுல இல்லைங்க."

"ஏன்?"

"ஊழியர் சொந்த மீட்டரைப் படிக்கக் கூடாதுன்னு விதி."

வக்கீல் லேப்டாப்பை மெதுவாக மூடினார். "விதியை நீங்களே சொல்லிட்டீங்க, மேடம். நன்றி."

மில்காரி எழுந்து நின்றாள். "சார், அவங்க அங்கதான் இருக்காங்க. ஊருக்கே தெரியும்."

"ஊர் சொல்றதை நான் பதிவு பண்ண முடியாதும்மா. ஆவணம் வேணும். உட்காருங்க."

"ஆவணம் இருக்குங்க" என்றாள் ரீடிங்கம்மா. குரல் உயரவில்லை, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் ஆணி அடித்த மாதிரி விழுந்தது. "என்கிட்ட இல்ல, உங்ககிட்ட. உங்க நோட்டீஸ் ரெஜிஸ்டரை எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

ரெஜிஸ்டர் வந்தது. கூடவே நோட்டீஸ்காரரும் வந்து, அவளைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"பன்னிரண்டாவது வரியைப் படிங்க சார்."

அதிகாரி படித்தார். "'நேரில் வழங்கப்பட்டது. பெற்றுக்கொண்டவர்: வீட்டின் உரிமையாளர், வீட்டில் வைத்து. காலை 10.20.'"

"மத்த பதினொண்ணும்?"

"'கதவில் ஒட்டப்பட்டது.'"

"நோட்டீஸுக்குப் பின்பக்கம் ஆறாவது வரி. நீங்க அச்சடிச்சதுதான். 'குடியிருக்கும் வீடானால் நேரில் வழங்க வேண்டும். குடியில்லாத வீடானால் கதவில் ஒட்ட வேண்டும். முறை மாறினால் அறிவிப்பு செல்லாது.' ஆள் இருக்கிற வீடுன்னா அதை எடுக்கக் கூடாது. ஆள் இல்லாத வீடுன்னா என் கையில குடுத்தது செல்லாது. இதுல எது நிஜம்னு நீங்களே முடிவு பண்ணுங்க. நான் இருக்கேனா, இல்லையா? உசுரோட உங்க முன்னால நிக்கிறவளை இல்லைன்னு எழுதறதா இருந்தா, அதை என் மூஞ்சியைப் பாத்து எழுதுங்க சார்."

அதிகாரி நோட்டீஸ்காரர் பக்கம் திரும்பினார். "ஏய்யா, ஆளில்லாத வீட்டுல கையெழுத்து எப்படிய்யா வாங்கினே?"

"தண்ணிகூட குடுத்தாங்க சார்" என்றார் அவர்.

அறை முழுக்கச் சிரிப்பு. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனுஷி தன் வீட்டில் தான் இருப்பதை நிரூபிக்க நாய்க்கடியும் ஒருத்தருடைய பசை டப்பாவும் துணைக்கு வர வேண்டியிருந்ததே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை. அந்த நாய் கடிக்காமல் இருந்திருந்தால்? அன்றைக்கும் கதவு பூட்டியிருந்திருக்கும். கதவில் பன்னிரண்டாவது காகிதம் ஒட்டியிருக்கும். வீடு போயிருக்கும்.

*

பத்தொன்பது நாள் கழித்து உத்தரவு வந்தது. மில்காரர்கள் வீடு ஐந்தும் பட்டியலிலிருந்து நீக்கம். அவள் வீட்டைப் பொறுத்தவரை, நோட்டீஸ் செல்லாது. புதிய நோட்டீஸ் தரும் உரிமை கம்பெனிக்கு உண்டு. பதினோராம் விதி அப்படியே இருந்தது. அதில் ஒரு கமாவைக்கூட யாரும் தொடவில்லை. அடுத்த ஊரில் வேறு யாரோ ஒரு ரீடிங்கம்மா க.பூ. என்று எழுதிக்கொண்டுதான் இருப்பாள்.

அதே வாரம் மின்சார ஆபீஸிலிருந்தும் அவளுக்கு ஒரு மெமோ வந்தது. அலுவல் நேரத்துக்குப் பின், அனுமதியின்றி, நுகர்வோர் அளவுகளைத் தனிக் குறிப்பேட்டில் பதிந்தது ஏன் என்று ஏழு நாளில் விளக்கம் தர வேண்டுமாம். ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருக்கையில், முப்பத்தோரு வருடத்தில் வந்த முதல் மெமோ.

அவள் நான்கே வரியில் பதில் எழுதினாள். 'மெஷின் ஐந்து மணிக்கு அடைத்துக்கொள்கிறது. மக்கள் ஆறு மணிக்கு வீடு திரும்புகிறார்கள். இடையில் உள்ள ஒரு மணி நேரத்தை நான் நோட்டில் எழுதினேன். இனியும் எழுதுவேன்.' புருஷன் கடைசி வரியை வெட்டச் சொன்னார். அவள் வெட்டவில்லை.

அடுத்த மாதம் ரீடிங் நாளன்று, காலை ஆறே முக்காலுக்குக் கதவு தட்டும் சத்தம். பென்சில் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் மெஷின், காதில் பென்சில்.

"என்னண்ணே, இந்நேரத்துல?"

"பத்தரைக்கு வந்தாத்தானே நீங்க இருக்க மாட்டீங்க? பாத்துட்டுப் போயிடறேன்."

மெஷின் ஏழு மணிக்குத்தான் திறக்கும். பதினைந்து நிமிடம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். அவளும் எதிரில் உட்கார்ந்திருந்தாள். மீட்டர் கதவுக்குப் பின்னால், சுவரில், ஐந்தடி உயரத்தில் இருந்தது. எழுந்து எட்டிப் பார்த்தால் அவளுக்கே தெரியும். அவள் பார்க்கவில்லை.

ஏழு மணிக்கு மெஷின் ஒரு சத்தம் கொடுத்தது. பென்சில் எழுந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வேண்டுமென்றே தெருவுக்கே கேட்கிற மாதிரி உரக்கப் படித்தார்.

"முப்பத்தோராயிரத்து அறுநூத்தி எட்டு!"

அழுத்தினார். பதிவாயிற்று. பதினோராம் விதி கேட்கும் ஆறு மாதத்தில் அது முதல் மாதம்.

"இன்னும் அஞ்சு இருக்குக்கா. அதுக்குள்ள அவனுங்க புது நோட்டீஸ் கொண்டாந்தா?"

"கொண்டாரட்டும்" என்றாள் அவள், டம்ளர்களை எடுத்துக்கொண்டு. "எனக்கும் அஞ்சு மாசம் லீவு பாக்கியிருக்கு. ஒட்டறவன் வரப்போ கதவைத் திறக்க நான் இருப்பேன்."